ஜக்கராண்டா உதிரும் வாரங்களில்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனில் அக்டோபர் வந்தால் தெருக்கள் ஊதா நிறமாகிவிடும். ஜக்கராண்டா மரங்கள் இலை தெரியாமல் பூத்து நிற்கும். காலையில் நடைபாதை முழுக்கப் பூ விரிந்து கிடக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. 1864இல் வால்டர் ஹில் என்பவர் நகரத்துத் தாவரவியல் பூங்காவில் நட்ட மரத்திலிருந்துதான் அங்கே பரவியது என்பார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூசியா வளாகத்தில் இந்தப் பூவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பூ வந்துவிட்டால் பரீட்சை வந்துவிட்டது. ‘பர்ப்பிள் பேனிக்’ என்று மாணவர்கள் சொல்வார்கள். பூ தலையில் விழுந்தால் ஃபெயில், அடுத்த பூ தரையைத் தொடும்முன் அதைக் கையில் பிடித்துவிட்டால் தோஷம் கழிந்தது என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய பெரிய பையன்கள் மரத்தடியில் நின்று பூப் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பொள்ளாச்சி. மூணாறு பக்கம் போகும்போது இதே மரத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே அது பூப்பது மார்ச், ஏப்ரலில். அதுவும் நமக்குப் பொதுத்தேர்வுக் காலம்தான். பூமியின் அந்தப் பாதியிலும் இந்த மரம் பரீட்சையோடுதான் வருகிறது என்பது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

கோவையில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2024 ஜூலையில் ஒரு செமஸ்டர் மட்டும் எக்ஸ்சேஞ்ச் மாணவியாக குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குப் போனேன். போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர நிறையப் பேர் இருந்தார்கள். விசா, சூட்கேஸ், ஊறுகாய் கொண்டுபோகலாமா என்பது வரை சொன்னார்கள். கிளம்பும்முன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைசி ஆறு வாரங்களில் நான் பட்டதை, அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இதில் எனக்கு வழிகாட்டியவர் ஓர் அன்ரி, அதாவது ஆன்ட்டி. நான் இருந்தது ஆனர்லி என்ற பகுதியில், மண்ணில் படாமல் கால்கள் மேல் தூக்கி நிறுத்திய பழைய மரவீடு ஒன்றில். நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு மாலை நான் வாசல் படியில் உட்கார்ந்து அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, நடைக்குப் போய்க்கொண்டிருந்த அவர் நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்தவர். “பிள்ளை தமிழோ?” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அன்ரி. செமஸ்டரின் பத்தாவது வாரம் அவர் வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டே, முடிக்காமல் கிடக்கும் வேலைகளைப் புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “பிள்ளை, ஊருக்குப் போனாப் பிறகு கடல் தாண்டி ஒரு கடுதாசி வாங்கேலாது. இஞ்ச நிண்டாத்தான் ஆகும் எண்டதை முதல்ல செய். மிச்சம் எல்லாம் பிறகு பாக்கலாம்.”

அன்று இரவே ஒரு தாளை நடுவில் மடித்து, இந்தப் பக்கம் அங்கே இருந்தால்தான் முடியும் வேலைகள், அந்தப் பக்கம் வீட்டிலிருந்தும் செய்யலாம் என்பவை என்று எழுதினேன். நான் முக்கியமென்று நினைத்துப் பதறிக்கொண்டிருந்தவற்றில் பாதி இரண்டாம் பக்கம் போய்விட்டது. முதல் பக்கத்தில் வந்தவற்றில் பலவற்றை நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

முதலில் டிக்கெட். இதில் நான் செய்த தவறு எனக்கு நிறையச் செலவு வைத்தது. திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தால் விலை குறைவு என்று, பரீட்சை அட்டவணை வரும்முன்பே நவம்பர் 10க்குப் போட்டுவிட்டேன். வகுப்புகள் அக்டோபர் கடைசியில் முடியும், பரீட்சைகள் நவம்பர் முதல் பாதியில் நடக்கும் என்று தெரியும். என் பரீட்சைகள் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அட்டவணையில் கடைசித் தாள் நவம்பர் 14 என்று வந்தது. தேதியை மாற்ற, டிக்கெட் விலையில் கால்வாசிக்கு மேல் கட்டினேன். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. கடைசிப் பரீட்சைக்கும் விமானத்துக்கும் நடுவில் ஐந்து நாளாவது விடுங்கள். பரீட்சையன்று காய்ச்சல் வந்தால் மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பிக்கும் கெடுவும் சில நாட்கள்தான், மறுதேர்வு வேறொரு தேதியில் நடக்கும். இதெல்லாம் ஊரில் இருந்துகொண்டு ஆகிற காரியம் இல்லை. நான் 21ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டு ஒப்பந்தம் 20ஆம் தேதி முடிந்தது. அந்த ஏழு நாட்கள் இல்லாவிட்டால் நான் மிகவும் திண்டாடியிருப்பேன்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் முறையில் வளர்ந்தவர்களுக்கு அங்கே விழும் பெரிய அடி பரீட்சை அல்ல, அதற்கு முந்தைய மூன்று வாரங்கள். நமக்கு இன்டர்னல் என்பது செமஸ்டர் முழுக்கப் பரவியிருக்கும், கடைசி நேரத்தில் புத்தகத்தைத் திறந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அங்கே நான்கு பாடங்களின் பெரிய அசைன்மென்ட்களும் 11, 12, 13ஆம் வாரங்களில் வந்து குவியும். எங்கள் பாடங்களில் ஒரு நாள் தாமதமானால் 10 சதவீதம் போய்விடும். இதோடு ‘ஹர்டில்’ என்று ஒன்று உண்டு. மொத்த மதிப்பெண்ணில் பாஸ் ஆனாலும், இறுதித் தேர்வில் மட்டும் தனியாக இத்தனை சதவீதம் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை. எல்லாப் பாடத்துக்கும் இருக்காது. எனக்கு மண் பொறியியலில் இருந்தது. அதைப் பத்தாவது வாரத்தில்தான் கவனித்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு பாட விவரக் குறிப்பு கொடுப்பார்கள். எந்த வேலைக்கு எத்தனை சதவீதம், எப்போது கெடு, தேர்வில் என்ன அனுமதி என்று எல்லாமே அதில் இருக்கும். நான் அதை ஒருமுறை கூட முழுதாகப் படித்திருக்கவில்லை.

கால்குலேட்டர் விஷயமும் அப்படித்தான் தெரிந்தது. நம் ஊர் இன்ஜினியரிங் மாணவர்கள் எல்லோரிடமும் இருக்கும் அதே கேசியோ எஃப்எக்ஸ்-991தான் என்னிடமும். மேட்ரிக்ஸ், இன்டகிரேஷன் எல்லாம் அதிலேயே போட்டுப் பழகிய கை. என் புள்ளியியல் தேர்வுக்கு எஃப்எக்ஸ்-82 வகைதான் கொண்டுவரலாம் என்று குறிப்பில் எழுதியிருந்தது. தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு அதைப் பார்த்தேன். உடனே ஒரு 82 வாங்கி, வீட்டில் 991-ஐப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய வினாத்தாள்கள் எல்லாவற்றையும் இதிலேயே போட்டுப் பழகினேன். பழைய வினாத்தாள்கள் லைப்ரரி இணையதளத்திலேயே கிடைக்கும், மாணவர்களுக்கு இலவசம். ஆறு வருடத் தாள்களைப் போட்டேன். என்னைக் கரை சேர்த்தது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அங்கே தேர்வில் ‘குறிப்பு வரைக’ கிடையாது. ஒரு சூழலைக் கொடுத்து, நீ என்ன முடிவெடுப்பாய், ஏன் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்தது கைகொடுக்காது. அந்தக் கேள்வியின் போக்கு பழகுவதற்கே நான்கு தாள் தேவைப்பட்டது.

நீரியல் பாடத்தில் குழு ரிப்போர்ட் ஒன்று இருந்தது, பிரிஸ்பேன் ஆற்று வெள்ளம் பற்றி. நகர அளவுகோலில் 1974இல் ஆறு 5.45 மீட்டர் உயர்ந்தது, 2011இல் 4.46, 2022இல் 3.85. தாளில் எண்களாகத்தான் இருந்தது. ஒருநாள் எங்கள் குழுவில் இருந்த உள்ளூர்ப் பெண், 2011 ஜனவரியில் தன் பாட்டி வீட்டில் தண்ணீர் எந்த ஜன்னல் வரை வந்தது என்று கையை உயர்த்திக் காட்டினாள். எங்கள் ரிப்போர்ட்டின் முன்னுரை அன்றைக்குத்தான் எழுத வந்தது. அந்தப் பெண்ணோடு செமஸ்டரின் தொடக்கத்திலேயே பேசியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. மூன்று மாதம் நான் என் பங்கை முடித்து அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி இரண்டு வாரங்களில்தான் வளாகத்தின் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசினோம், காலடியில் பெரிய பெரிய ஓணான்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே வாட்டர் டிராகன் என்பார்கள். மனிதர்களைக் கண்டு ஓடாது.

லெக்சரரிடம் பேசுவதும் இப்படித்தான் தள்ளிப்போனது. அங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ‘சார்’ என்றால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கோ பெயர் சொல்ல வாய் வரவில்லை. அதனாலேயே வாரந்தோறும் சந்தேகம் கேட்க ஒதுக்கியிருந்த நேரத்தில் போகாமலே இருந்தேன். பன்னிரண்டாவது வாரம் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். முக்கால் மணி நேரம் பேசினார். கிளம்பும்போது, மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் எழுதித் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார், படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முகம் தெரியாத நூற்றில் ஒருத்தியாக ஊரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை. மடித்த தாளின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று.

வகுப்பு முடிந்து பரீட்சைக்கு முன் ஒரு வாரம் படிக்க விடுவார்கள். ‘ஸ்வாட்வேக்’ என்பது மாணவர்கள் வழக்கு. அந்த வாரம் எனக்கு வெஸ்ட் எண்ட் என்ற பகுதியில் ஒரு கஃபேயின் சமையலறையில் வேலை இருந்தது, பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது. கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேர் லீவில் போக, கூடுதலாக ஷிஃப்ட் எடுக்கிறாயா என்று கேட்டார்கள். வகுப்பு இல்லையே, விடுமுறை மாதிரிதானே என்று நினைத்தேன். மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பரீட்சை நடக்கும் காலமும் செமஸ்டருக்குள்தான் சேரும். ஸ்வாட்வேக்கை விடுமுறை என்று நினைத்து வரம்பைத் தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. நான் முடியாது என்று சொன்னேன். சொல்லும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஏனென்றால் மணிக்கு 30 டாலர். ஆனால் அந்த வாரம் எனக்குக் கிடைத்தது.

தீபாவளியும் அந்த வாரத்தில்தான் வந்தது, அக்டோபர் 31, வியாழன். ஊரில் எல்லோரும் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் லைப்ரரியில் மண்ணின் வெட்டு வலிமைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நேரம் நம்மைவிட நாலரை மணி முந்தி. அம்மா வழக்கமாக வேலையெல்லாம் முடித்து எட்டரைக்குக் கூப்பிடுவார், எனக்கு அப்போது நள்ளிரவு ஒரு மணி. நான்கு மாதம் அப்படியே பேசிப் பழகிவிட்டோம். தூக்கம் கெட்டு, காலை பத்து மணிக்கு எழுந்து, பாதி நாள் போய்விடும். அந்த வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன், இனி மத்தியானம் மூன்றரைக்குக் கூப்பிடுங்கள், எனக்கு ராத்திரி எட்டு மணி என்று. “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு” என்றார். அவர் எனக்காக எட்டரை வரை காத்திருந்தார், நான் அவருக்காக ஒரு மணி வரை விழித்திருந்தேன். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் நான் விடியற்காலைக்கு மாறினேன். குயின்ஸ்லாந்தில் கோடைக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும். நாலு மணிக்கே குயில் கூவும். முதல் முறை கேட்டபோது கனவென்று நினைத்துவிட்டேன். அச்சு அசல் நம் குயில் குரல். பிறகு விசாரித்தால், அது நம் குயிலுக்கு நெருங்கிய உறவுதான், வசந்தத்தில் வடக்கே நியூ கினி பக்கமிருந்து வந்து கோடை முடிந்து திரும்பிப் போகும் என்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதன் சத்தம் பிடிக்காது, தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார்கள். எனக்கு அதுதான் அலாரம். நாலு முதல் எட்டு வரை ஜன்னலோரம் உட்கார்ந்து படித்த அந்தப் பதினைந்து நாள் படிப்புதான் நான் அந்த செமஸ்டரில் படித்த உண்மையான படிப்பு.

தீபாவளிக்குப் பிந்தைய ஞாயிறு, அன்ரி குடும்பம் என்னைக் காரில் ஏற்றி சவுத் மக்லீனில் இருக்கும் செல்வ விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப் போனது. நகரத்திலிருந்து தெற்கே வெகுதூரம். படிக்க வேண்டும் என்று முதலில் மறுத்தேன். “ஒரு நேரம் போய்ட்டு வந்தா உன்ர மூளை ஒண்டும் கரைஞ்சு போகாது பிள்ளை” என்றார். அன்று மாலை திரும்பி வந்து படித்தது அப்படியே நின்றது.

பரீட்சைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாணவர் அட்டை, தண்ணீர் பாட்டில், கால்குலேட்டர். தொடங்கும்முன் வாசிக்க நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு தேர்வு நாளில் மாலை ஆலங்கட்டி மழை பெய்தது. நவம்பர் அங்கே புயல் மழைக் காலம். மத்தியானம் வானம் பச்சையும் கறுப்புமாக மாறினால் எல்லோரும் போனில் மழை ரேடாரைத் திறந்துவிடுவார்கள். பரீட்சை நாளில் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிவிடுங்கள். நான் டட்டன் பார்க் வரை நடந்து, ஆற்றின் மேல் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமே உள்ள பாலத்தைத் தாண்டிப் போய்விடுவேன், கார் அதில் போகாது. மழையென்றால் பஸ். அந்த ஆகஸ்டில்தான் குயின்ஸ்லாந்து அரசு பஸ், ரயில், படகு எல்லாவற்றுக்கும் கட்டணத்தை 50 சென்ட் ஆக்கியிருந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று 50 சென்ட் கொடுத்து ஆற்றுப் படகில் ஏறி, இருட்டும் வரை இறங்காமல் போய்க்கொண்டே இருந்தேன்.

வீட்டைக் காலி செய்யும் கதைதான் பெரியது. நுழையும்போது கொடுத்த பாண்ட் பணம், அதாவது வீட்டு முன்பணம், வீட்டுக்காரர் கையில் இருக்காது. குயின்ஸ்லாந்தில் ஆர்டிஏ என்ற அரசு அமைப்பிடம் இருக்கும். வீடு முதலில் இருந்த நிலையில் திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதாக வரும். நாளடைவில் இயல்பாக ஏற்படும் தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதும் சட்டம். முதலில் இருந்த நிலை எது என்பதற்கு ஆதாரம், குடிவரும்போது நிரப்பும் நிலை அறிக்கை. எங்கள் நால்வரில் தாய்லாந்துப் பெண் ஒருத்தி, ஜூலையில் வந்த முதல் நாளே சுவர், தரை, அடுப்பு, கழிவறை என்று நூற்றுக்கு மேல் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். எதற்கு இதெல்லாம் என்று அப்போது நினைத்தேன்.

கடைசி நாள் ஏஜென்ட், சமையல் மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் சூடு பட்ட தடம் இருக்கிறது, மேடையை மாற்ற வேண்டும், பாண்டில் பிடிப்போம் என்றார். தோழி ஜூலை மாதப் போட்டோவைத் திறந்து காட்டினாள். அதே தடம், அதே இடம். நிலை அறிக்கையிலும் அதைக் குறித்திருந்தோம். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் இல்லையென்றால் ஆளுக்குச் சில நூறு டாலர் போயிருக்கும்.

மஞ்சள் கறை என் பொறுப்பு. வெள்ளை மேடையில் மூன்று இடங்களில் சாம்பார் கறை. சோடா உப்பைத் தண்ணீரில் குழைத்துப் பூசி ஊறவிட்டுத் துடைத்தேன், பாதி போயிற்று. மிச்சம் ஜன்னல் வெயில் பட்டு இரண்டு மூன்று நாளில் வெளிறிப் போனது. மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. அதனால் இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஓவனின் உள்பக்கம், அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி வடிகட்டி, குளியலறை ஓட்டு இடுக்குகள், இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். நம் தாளிப்பு எண்ணெய் அந்த வடிகட்டியில் மூன்று மாதம் படிந்திருந்தால் சுலபத்தில் போகாது. வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவியிருந்தால் எனக்கு ஒரு முழுநாள் மிச்சமாகியிருக்கும்.

போர்வை, வாணலி, மேசை விளக்கு எல்லாவற்றையும் விற்றுக் காசாக்க நினைத்தேன். அந்த வாரம் ஊரிலுள்ள மாணவர்கள் அத்தனை பேரும் அதையேதான் விற்கிறார்கள். வாங்க ஆளில்லை. நல்லதையெல்லாம் பழைய பொருள் வாங்கி விற்கும் தொண்டுக் கடையில் கொடுத்துவிட்டேன். விற்க வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே சொல்லிவைத்து, நவம்பரில் தருகிறேன் என்று பேசிக்கொள்ளுங்கள்.

மடித்த தாளில் நான் விட்டுவிட்ட ஒரே ஒரு வரி போன் நம்பர். ஆஸ்திரேலியாவில் வேலை செய்தால் சம்பளத்துக்கு மேல் முதலாளி ‘சூப்பர்’ என்ற ஓய்வூதியக் கணக்கில் பணம் போடுவார். அந்த வருடம் 11.5 சதவீதம். பகுதி நேர வேலைக்கும் உண்டு. தற்காலிக விசாவில் வந்தவர்கள் நாட்டை விட்டுப் போய், விசாவும் முடிந்த பிறகு அதைத் திரும்பக் கேட்கலாம். மாணவர்களுக்கு 35 சதவீதம் வரி பிடிப்பார்கள். எனக்குச் சுமார் 700 டாலர் சேர்ந்திருந்தது. இது வீட்டிலிருந்தும் செய்யலாம் என்று தாளின் இரண்டாம் பக்கத்தில் எழுதி நிம்மதியாக இருந்தேன். ஜனவரியில் விசா முடிந்ததும் கணக்கைத் திறக்கப் போனால், சரிபார்ப்பு எண் என் பிரிஸ்பேன் நம்பருக்குப் போகிறது. அந்த சிம் டிசம்பரிலேயே செத்துவிட்டது. ஆள் அடையாளத்தை நிரூபிக்கக் கடிதம் மேல் கடிதம், பாஸ்போர்ட் நகலுக்குச் சான்று, ஏழு வாரம். கிளம்பும்முன் உட்கார்ந்து வங்கி, சூப்பர், வரி, மைகவ் என்ற அரசுச் சேவைக் கணக்கு, பல்கலைக்கழக மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றிலும் புகுந்து இந்திய நம்பரையும் சொந்த மின்னஞ்சலையும் போட்டுவிடுங்கள். எதில் வெளிநாட்டு நம்பர் ஏற்காதோ அதற்காக சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். வங்கிக் கணக்கையும் உடனே மூடாதீர்கள். பாண்ட், கடைசிச் சம்பளம், வரி ரீஃபண்ட் எல்லாம் அதற்குத்தான் வரும்.

விமான நிலையத்தில் ஒரு சின்ன லாபம் இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் ஒரே கடையில் 300 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கிய பொருளுக்கு, ரசீதைக் காட்டினால் ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்கள். தம்பிக்கு வாங்கிய டேப்லெட்டுக்கு விலையில் பதினொன்றில் ஒரு பங்கு வந்தது. பொருள் கைப்பையில் இருக்க வேண்டும்.

மதிப்பெண்கள் ஊருக்கு வந்த பிறகு வந்தன. இங்கேதான் இன்னொரு சிக்கல். அந்தப் பல்கலைக்கழகத்தில் கிரேடு 1 முதல் 7 வரை. 4 என்றால் பாஸ், 7தான் உச்சம். எனக்கு இரண்டு 6, ஒரு 5, ஒரு 7. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் அதைப் பத்துக்கு என்று நினைத்து, ஐந்துதானா என்று கேட்டார்கள். நல்லவேளையாக, கிரேடு விளக்கத்தையும் நான்கு பாடங்களின் விவரக் குறிப்புகளையும் மாணவர் கணக்கு மூடுவதற்கு முன்பே இறக்கி வைத்திருந்தேன். மதிப்பெண் சான்றிதழ் மைஈக்வல்ஸ் என்ற தளத்தில் டிஜிட்டலாக வந்தது. அதன் இணைப்பைக் கல்லூரிக்கு நேரடியாக அனுப்பினேன். கிரெடிட் ஏற இரண்டு மாதம் ஆனது, ஆனால் நான்கும் ஏறின.

கிளம்புவதற்கு முந்தைய மாலை அன்ரி வீட்டுக்குப் போனேன். சூட்கேஸில் இடமில்லை என்று எத்தனை சொல்லியும் அவர் அரைத்த கறித்தூளில் அரைக் கிலோ கட்டிக் கொடுத்தார். நான் அவரிடம் எஃப்எக்ஸ்-82 கால்குலேட்டரைக் கொடுத்தேன். அடுத்த வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து யாராவது வருவார்கள், அவர்கள் 991ஐத்தான் கொண்டுவருவார்கள் என்றேன். அவர் அதை வாங்கி, சாமி படத்துக்குக் கீழே இருந்த இழுப்பறையில் வைத்தார்.

இந்த ஜூலையில் என் ஜூனியர் ஒருத்தி அங்கே போயிருக்கிறாள். அன்ரி வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். மேசை மேல் அந்தக் கால்குலேட்டர், பக்கத்தில் ஒரு தட்டு இடியாப்பம், நடுவில் மடித்த ஒரு தாள்.